குழாய் கட்டிப் படித்தவன்

முதல் உலகப் போர் எதனால் மூண்டது என்ற விஷயத்தில் ஐரோப்பாவுக்கு அடுத்தபடியாக அதிகம் கவலைப்பட்ட ஊர் பனவடலிசத்திரம்தான். அந்த ஊர்க்காரர்களை அப்படிக் கவலைப்பட வைத்தவன் ஒரே ஒருவன். அவன் பெயர் டெஸ்டிங்.

இது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பதினோராம் வகுப்போடு முடிந்துகொண்டிருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கிவந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எண்பதாம் வருஷத்து ஆனி மாதத்தில் நாங்கள் சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தோம். காலையில் வருகை எடுக்கும்போது எல்லோரும் “உள்ளேன் ஐயா” என்போம். அவன் மட்டும் எழுந்து நின்று, வலது கையை மூடி வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, இடது கை விரலால் அதன்மேல் தட்டி, “ஃபூ, ஃபூ” என்று ஊதி, “ஹலோ, மைக் டெஸ்டிங், உள்ளேன் ஐயா” என்பான். கை கரகரவென்று இரைந்தால்கூட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம்.

காரணம் எளிமையானது. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் ரேடியோ செட் கட்டும் கடைக்கு வேலைக்குப் போய்விடுவான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா என்று சுற்று வட்டாரத்தில் எங்கே ஒலிபெருக்கிக் குழாய் அலறினாலும் அதன் மறுமுனையில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாதே, அப்போதாவது ஓய்வு இருக்கும் என்று நினைக்கலாம். ஆடியில் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாக் கூட்டமும் அம்மன் கொடைகளும் வந்துவிடும். மார்கழியில் விடியற்காலைப் பஜனை வந்துவிடும். ஆக, தமிழ் மாதங்களில் அவனுக்கு விடுமுறை மாதம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

பகுதி நேர வேலை மாணவர்களின் படிப்பைக் கெடுக்குமா என்று ஒரு கல்லூரிப் பையன் அண்மையில் என்னிடம் கேட்டான். எனக்குச் சட்டென்று டெஸ்டிங்தான் நினைவுக்கு வந்தான். என்னையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த நாளில் வேலை என்று எதுவும் இல்லை. தனி மேஜை உண்டு, மேஜை விளக்கு உண்டு, நேரத்துக்குக் காப்பி உண்டு. என் படிப்பைக் கெடுக்க வெளியிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை. நானே போதுமானவனாக இருந்தேன்.

கடையின் பெயர் இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸ். அதன் உரிமையாளர் அண்ணாச்சியைப் போலச் சத்தத்தை வெறுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. இரண்டு காதிலும் எப்போதும் பஞ்சு அடைத்திருப்பார். பேசுவது ரகசியம் போல இருக்கும். கல்யாண வீட்டார் ஏற்பாடு பேச வந்தால், அவர் வாய்க்கருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு போவார்கள். சாப்பிடும்போது அப்பளத்தை நொறுக்குகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கல்யாணச் சாப்பாட்டுக்காக அவ்வப்போது நானும் டெஸ்டிங்கோடு ஒட்டிக்கொண்டு போவதுண்டு.

குழாய் கட்டுவது சாயங்கால வேலை. மரத்திலோ மச்சிலோ ஏறிக் கட்டிவிட்டு இறங்கினால், மறுநாள் சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை செட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கண் அயராமல் இருக்க வேண்டும். இசைத்தட்டு முடிய முடிய மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் டெஸ்டிங் பாடப் புத்தகத்தை எடுப்பான். மனத்துக்குள் வாசித்தால் இரண்டாவது வரியில் தலை தொங்கிவிடும். வாய்விட்டு வாசித்தால் தூக்கம் வராது. வாய்விட்டுப் பேசுவதுதான் தொழில்; எதிரே மைக்கும் தயாராக இருந்தது. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

முதன்முதலில் நடந்தது ஆவணி முகூர்த்தத்தில், பனவடலிசத்திரத்தில். விடிந்தும் விடியாததுமாக ஒரு பக்திப் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. ஊசி உடைந்திருந்தது. மாற்று ஊசியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த அண்ணாச்சி சைக்கிளை எடுத்தார். போகும்போது டெஸ்டிங் காதருகே குனிந்தார்.

“குழாயச் சும்மா வைக்காதலே. செட்டு ரிப்பேருன்னு ஊர்க்காரன் பேசிருவான். நான் வாரவரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே இரு.”

எதையாவது என்றால் டெஸ்டிங்கிடம் இருந்தது வரலாற்றுப் புத்தகம்தான். மைக்கைத் தட்டினான். ஊதினான். “அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இப்பொழுது உங்கள் முன் முதல் உலகப் போருக்கான காரணங்கள்” என்று தொடங்கினான். யாரோ வெளியூர்ப் பெரிய மனிதர் வாழ்த்திப் பேச வந்திருக்கிறார் என்று கல்யாண வீட்டார் முதலில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சரஜீவோ நகருக்கு வந்திருந்த இளவரசரும் அவருடைய மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர்” என்ற வரி வந்ததும் பெண்ணின் தாய்மாமன், வாயில் வேப்பங்குச்சியோடு ஓடிவந்தார்.

“ஏலே, யாருலே செத்தது? நம்ம பக்கமா, மாப்பிள்ள பக்கமா?”

“ஆஸ்திரியாப் பக்கம், மாமா.”

“அது எங்கன இருக்கு? சேர்ந்தமரத்துக்குக் கிட்டயா?”

“அதுக்கும் அங்கிட்டு.”

“அப்ப நமக்குத் தீட்டு இல்லல்லா?”

“இல்ல.”

தாய்மாமன் குச்சியை மறு கடைவாய்க்கு மாற்றிக்கொண்டார். “பொறவு என்ன, படி. சுட்டவன் அகப்பட்டானா இல்லையா, அதச் சொல்லு.”

அண்ணாச்சி ஊசியோடு திரும்பி வந்தபோது செட்டைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. பாட்டுப் போட்டதும் அதில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாய்மாமன் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டெஸ்டிங்கை எங்கே பார்த்தாலும் நிறுத்திவிடுவார்.

“ஏலே, அந்தச் சண்ட முடிஞ்சிட்டா?”

“இன்னும் இல்ல மாமா. அந்தப் பாடம் நடத்தல.”

“சீக்கிரம் முடிக்கச் சொல்லுலே. எத்தன சனம் சாவும்.”

ருசி கண்டுவிட்டான். அதன்பின் ஊசி உடைய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. புரட்டாசியில் இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு கொடை. வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி அது. அங்கே போய் இவன் புவியியல் புத்தகத்தைத் திறந்து பருவக்காற்றுகளைப் படித்துவிட்டான். படித்து முடித்து நிமிர்ந்தால், தலைப்பாகைகள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“தம்பி, வடகிழக்குப் பருவக்காத்து எப்ப வரும்னு போட்டிருக்கு?”

“ஐப்பசி, கார்த்திகையில.”

“இந்த வருசமா?”

“வருசம் போடல. புஸ்தகம் பழசு, எங்க அண்ணன் படிச்சது.”

“அப்ப போன வருசம் அது வராமப் போனதப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாரு.”

டெஸ்டிங் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி எதுவும் போடவில்லை என்று மைக்கிலேயே அறிவித்தான். அரசாங்கம் அச்சடித்த புத்தகம் அவ்வளவுதான் என்று சொல்லி அவர்கள் எழுந்து போனார்கள்.

ஆனால் குருவிகுளம் பக்கத்துக் காதுகுத்தில் நடந்ததுதான் விஷயத்தை முற்றவிட்டது. கிடா வெட்டி, பந்தி போட்டு, முதல் வரிசைக்குக் கறி விழுந்துகொண்டிருக்கிறது. டெஸ்டிங்குக்கு மறுநாள் அறிவியலில் வகுப்புத் தேர்வு. “அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இப்பொழுது உங்கள் முன் நாடாப்புழுவின் வாழ்க்கை வரலாறு.” சரியாக வேகாத இறைச்சி வழியாக அது மனிதனின் குடலுக்குள் எப்படிப் போகிறது, போய் எப்படித் தலையால் பற்றிக்கொள்கிறது, எத்தனை கண்டங்களாக வளர்கிறது என்று ஒன்றையும் விடாமல் படித்தான். பந்தியில் கைகள் அந்தரத்தில் நின்றன. சமையல்காரர் கரண்டியோடு வந்தார்.

“ஏலே, என் கறியப் பத்தி என்னலே பேசுத?”

“ஒங்க கறிய இல்ல மாமா. இது பன்னிக் கறி.”

இந்தப் பதிலையும் அவன் மைக்கை அணைக்காமலே சொன்னான். அதற்குமேல் அந்தப் பந்தியில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் அண்ணாச்சி கடையில் சட்டம் போட்டார். பந்தி நடக்கும்போது அறிவியல் கூடாது. தாலி ஏறுவதற்கு முன்னால் போர், கொலை கூடாது. கணக்கு எப்போதுமே கூடாது, அது கேட்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். தமிழ் மட்டும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். “படிக்காதன்னு நான் சொல்லலலே,” என்றார், நான் காதை நீட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. “எடம் பாத்துப் படின்னு சொல்லுதேன்.”

டெஸ்டிங் நன்றாகவே படித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு தடவை வாசித்ததை அவன் மறப்பதே இல்லை. காலாண்டுத் தேர்வில் வரலாற்றில் அவன்தான் வகுப்பில் முதல். ஆனால் விடைத்தாளைக் கொடுக்க வந்த சாமுவேல் சாருடைய முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர்தான் எங்கள் வகுப்பாசிரியர், வரலாறும் அவரே நடத்தினார். நாசரேத் பக்கத்துக்காரர். படிப்பு என்பது ஜெபம் மாதிரி, வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டியது என்பது அவர் கொள்கை. டெஸ்டிங்கின் தாளைப் பிரித்து வகுப்புக்கு வாசித்தார்.

“‘அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, இப்பொழுது உங்கள் முன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை.’ சரி, இதப் பொறுத்துக்கிடலாம். விடை எல்லாம் ஒழுங்கா இருக்கு. முடிவக் கேளுங்க. ‘இத்துடன் இவ்விடை இனிதே நிறைவடைகிறது. ஒலி ஒளி அமைப்பு, இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸ், சங்கரன்கோவில். சொன்ன நேரத்துக்கு வருவோம்.’”

வகுப்பு சிரித்து அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அந்த முடிவு ஒரு விடையில் மட்டும் இல்லை. எல்லா விடைகளின் கீழும் இருந்தது. கடை விளம்பரத்தைச் சொல்லித்தான் எந்த அறிவிப்பையும் முடிக்க வேண்டும் என்பது அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணாச்சி கற்றுக்கொடுத்த முறை. கை அதைத் தானாக எழுதியிருந்தது.

சார் சிரிக்கவில்லை. “பொதுத் தேர்வுல விடைத்தாள்ல பேரு, ஊரு, அடையாளம் எது இருந்தாலும் அந்தப் பேப்பரத் திருத்தவே மாட்டாங்க. அப்படியே தள்ளிருவாங்க. எவ்வளவு நல்லா எழுதினாலும் பெயில்தான். தெரியுமா?”

டெஸ்டிங்குக்குத் தெரியாது. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பெயில் என்ற சொல்லுக்கு அவன் வீட்டில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. பம்பாய். அவனுடைய மாமா அங்கே ஒரு மில் கேண்டீனில் இருந்தார். வைகாசியில் ஊருக்கு வருவார். பையன் பாஸானால் விட்டுவிட்டுப் போவார், பெயிலானால் கையோடு கூட்டிக்கொண்டு போவார். இது பெரியவர்கள் பேசி முடித்த ஏற்பாடு. டெஸ்டிங்கின் ஆசை வேறு. பாஸானால் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் பிரிவில் சேரலாம். ஆம்ப்ளிபயரில் சின்னக் கோளாறு என்றாலும் அண்ணாச்சி அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்குப் போய் வருவார். அந்தப் பெட்டியைத் தானே திறந்து பார்க்க வேண்டும் என்பது அவன் கனவு. “அதுக்குள்ள இருந்து சத்தம் எப்படி மக்கா வருது? மதுரக்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான்.

சாமுவேல் சார் ஒரே வழிதான் சொன்னார். “வேலைய விட்டுரு. தேர்வு முடியறவரைக்கும் அந்த மைக்கத் தொடாத. வீட்டுல உக்காந்து வாய மூடிப் படி.”

ஐப்பசியோடு விட்டுவிட்டான். கார்த்திகை முகூர்த்தங்களில் வேறு யாரோ தட்டு மாற்றினார்கள். டெஸ்டிங் வீட்டில் உட்கார்ந்து வாயை மூடிப் படித்தான். நான் பார்க்கப் போனபோதெல்லாம் புத்தகம் மார்பின்மேல் விரிந்து கிடக்க, உலகத்தில் யாருக்கும் வாய்க்காத தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். அரையாண்டுத் தேர்வு வந்தது. அவன் விடைத்தாளில் பெரியோர்களும் இல்லை, தாய்மார்களும் இல்லை, இடிமுழக்கமும் இல்லை. பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அதில் விடைகளும் இல்லை.

“என்னாச்சு ஒனக்கு?” என்றார் சார்.

“சத்தமில்லாமப் படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குது, சார். கண்ண மூடினா பெறகு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“கண்ண எதுக்கு மூடுத?”



இந்த நேரத்தில்தான் ஒருநாள் மத்தியான இடைவேளையில், காதில் பஞ்சோடு அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இடைவேளை இரைச்சலைத் தாங்க முடியாமல் இரண்டு கையாலும் பஞ்சுக்குமேல் பொத்திக்கொண்டு, சாமுவேல் சாருக்கு முன்னால் நின்றார். நானும் டெஸ்டிங்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

“பையனத் திருப்பித் தரணும், சார்வாள்,” என்றார்.

“ஒமக்குத் தட்டு மாத்த ஆள் வேணும்கதுக்காக ஒரு பிள்ளையோட படிப்பக் கெடுக்கச் சொல்லுதீரா?”

“தட்டு மாத்த ஆளு இருக்கு. இவன் வராததுனால இவன் படிப்பே கெடுதேன்னு வந்தேன். அரப்பரிச்சயில முட்டையாமே. எங்கிட்ட இருந்தப்ப முட்ட வாங்கினானா?”

அண்ணாச்சி தொடர்ந்தார். “பந்தியில கறிய விட்டுட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போனாலும் பரவாயில்ல. அவன் படிக்கட்டும்.”

“படிச்சிருவான். ஆனா கடைசியில ஒம்ம கடப் பேர எழுதிருவானே. அதுல்லா பிரச்சன.”

அடுத்து அண்ணாச்சி சொன்னதைக் கேட்க சாமுவேல் சார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் வாய்க்கருகே காதை வைக்க வேண்டியிருந்தது.

“அப்ப கடப் பேர எடுத்துருவோம். அவன் வாயில வரலன்னா கையில எப்படி வரும்?”

இதன் கனம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தையும் மாசியும் பங்குனியும் முகூர்த்தக் காலம். அப்போது ஊரில் எதிர்க்கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. அந்தக் கடைக் குழாய்கள் எல்லாம் பச்சை வர்ணம் பூசினவை. ஒரு கல்யாணத்தில் பேர் சொன்னால்தான் அடுத்த கல்யாணம் கிடைக்கும். அந்த மூன்று மாதமும் தன் கடைப் பெயரைத் தானே ஊமையாக்கிக்கொள்ள ஒரு மனிதர் சம்மதித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

ஆனால் பழகின வாய் அவ்வளவு சுலபத்தில் விடுமா. பொங்கல் கழிந்த முதல் கல்யாணத்திலேயே தெரிந்துவிட்டது. டெஸ்டிங் தமிழ்ப் பாடத்தை அருமையாகப் படித்து, “இத்துடன் இனிதே நிறைவடைகிறது. ஒலி ஒளி அமைப்பு” என்று ஆரம்பித்தான். அண்ணாச்சி பாய்ந்து வயரைப் பிடுங்கினார். குழாய் செத்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் படிக்கும்போதெல்லாம் அண்ணாச்சி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வயரில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். “இத்துடன்” என்றதும் எழுவார். “ஒலி” என்றதும் பிடுங்குவார். தை முழுவதும் எங்கள் வட்டாரத்தில் எந்த அறிவிப்பும் முழுதாக முடிந்ததில்லை. மணமக்களை வாழ்த்திப் பேச வந்த ஒரு பெரியவர் பழக்க தோஷத்தில் “இத்துடன்” என்று முடிக்கப்போக, அவர் பேச்சும் பறிபோயிற்று.

ஜனங்கள் தங்கள் பாட்டுக்குப் பேசினார்கள். செட்டுப் பழசாகிவிட்டது, வயர் நிற்பதில்லை என்றார்கள். பச்சைக் குழாய்க்காரர் ஒரு படி மேலே போய், அந்தக் கல்யாணங்களில் எல்லாம் கட்டியது தன் செட்தான் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் மறுப்பது? பேர் சொல்லாத குழாய்க்கு அப்பன் யார் என்று எப்படி நிரூபிப்பது? மாசியில் ஒரு கல்யாணம் அவர் கைக்குப் போயிற்று. பங்குனியில் இன்னொன்றும் போயிற்று.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது அண்ணாச்சி,” என்றான் டெஸ்டிங். “போர்டுல எழுதித் தொங்கவிட்டா என்ன? நான் வாயால சொல்லலியே.”

“நீ பாப்பல்லாலே. பாத்தா எழுதுவ. கண்ணு வழியா வராதுன்னு என்ன நிச்சயம்?” அண்ணாச்சி கடை வாசலில் இருந்த போர்டின் மேலும் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டார். புதிதாக வந்தவர்கள் கடையைத் தேடிக்கொண்டு தெருவில் அலைந்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் தேர்வு. என் இருக்கை அவனுக்குப் பக்க வரிசையில், ஓர் இடம் பின்னால். வெளியூரிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளருக்கு அவனைத் தெரியாது. வினாத்தாளை வாங்கியதும் டெஸ்டிங் கையை மூடி, தட்டி, ஊதினான். அவர் சந்தேகத்தோடு வந்து அந்தக் கையைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நகர்ந்தார். டெஸ்டிங் சத்தம் வராமல் உதட்டை அசைத்துக்கொண்டே எழுதினான். ஒரு விடை முடியும் இடத்தில் பேனா நின்றது. அவன் வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மேற்பார்வையாளர் மறுபடி ஓடிவந்தார். ஒவ்வொரு விடைக்கும் இப்படியே நடந்தது. அந்த மனிதர் அன்று நடந்த தூரத்துக்குச் சிவகிரி போய்ச் சேர்ந்திருப்பார்.

ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் அண்ணாச்சி நின்றிருப்பார். எழுதினதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. எழுதாததைப் பற்றித்தான் கேட்பார்.

“எழுதிட்டியாலே?”

“இல்ல அண்ணாச்சி. அந்த எடம் வந்ததும் வயரப் புடுங்கினாப்ல கை நின்னுட்டு.”

கடைசி நாள் அறிவியல். அன்று மட்டும் வெளியே வந்தவன் வினாத்தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னலே?”

“கடைசிக் கேள்விய அவசரமா எழுதிக்கிட்டிருந்தேன். மணி அடிச்சிட்டு. அவரு பேப்பரப் புடுங்கிட்டாரு. கீழ ரெண்டு வரி எழுதினேன். அது பாடமா, கடையான்னு நெனவு இல்ல.”

அண்ணாச்சி காதிலிருந்து பஞ்சை எடுத்தார். நான் பார்த்து அவர் பஞ்சை எடுத்தது அன்றுதான். “இன்னொரு தரம் சொல்லு,” என்றார். அவன் இன்னொரு தரம் சொன்னான். அவர் பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொண்டு, “வா, சாப்பிடப் போவோம்,” என்று எங்கள் இரண்டு பேரையும் பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்திரை கழிந்தது. வைகாசி பிறந்ததும் பம்பாய் மாமா வந்து இறங்கினார். டெஸ்டிங்குக்கும் சேர்த்து ரயிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டே வந்திருந்தார், அவ்வளவு நம்பிக்கை. கேண்டீனில் சத்தம்போட்டு ஆர்டர் சொல்ல ஆள் வேண்டும், இவன் தொண்டைக்கு ஏற்ற இடம் என்றார். டெஸ்டிங் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அறிவிப்புகளில் வழக்கமான ‘அன்பார்ந்த’ அந்த நாட்களில் மிகவும் சோர்ந்து ஒலித்தது.

முடிவுகள் பத்திரிகையில் வந்த அன்று அவனும் அண்ணாச்சியும் சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டைப் பிரித்ததும் பிடுங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பாஸானவர்களின் எண்கள் மட்டும் எறும்பு வரிசை போல அச்சாகியிருக்கும். என் எண் இருந்தது. எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. அவன் எண்ணைப் பார்த்தேன். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சிவகிரி பஸ்ஸில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மலைக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டெஸ்டிங் புளியமரத்து உச்சிக் கிளையில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவருமே வேலையை நிறுத்தினார்கள்.

“மக்கா, ஒன் நம்பர் வந்திருக்கா?” என்றான் மேலிருந்து.

“வந்திருக்கு.”

“பொறவு?”

“ஒன் நம்பரும் வந்திருக்குலே.”

அவன் குழாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். இறங்கச் சொல்லி அண்ணாச்சி கயிற்றை மெல்ல அசைத்தார். இறங்கி வந்து பத்திரிகையை வாங்கி, எண்ணின்மேல் விரலை வைத்துப் பார்த்தான். ஹால் டிக்கெட்டை எடுத்து ஒத்துப் பார்த்தான். பிறகு அண்ணாச்சியிடம் காட்டினான். அவருக்கு அவ்வளவு சின்ன எழுத்துத் தெரியாது. தெரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாமா ஒத்தையிலதான் போகணும் போலிருக்கு,” என்றான் டெஸ்டிங்.

“போகட்டும். ரயில்ல காலு நீட்டிப் படுத்துக்கிட்டுப் போகட்டும்,” என்றார் அண்ணாச்சி.

கல்யாண வீட்டிலிருந்து பாட்டுப் போடச் சொல்லி ஆள் வந்தது. டெஸ்டிங் ஒரு தட்டை எடுத்து வைத்தான், ஊசியை இறக்கினான், பத்திரிகையை மடியில் விரித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்தது. தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. ஊசி கடைசிச் சுற்றில் மாட்டிக்கொண்டு சரக், சரக் என்று அந்த ஊர் முழுவதற்கும் உரசிக் காட்டியது. ஊசியை எடுக்க அண்ணாச்சி எழுந்து கையை நீட்டினார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார். கல்யாண வீட்டார் யாராவது வந்து கேட்டிருந்தால் நானே எழுந்து போய்ச் சொல்லியிருப்பேன், கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவன் இப்படியே சற்று உட்கார்ந்திருக்கட்டும் என்று.